ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ: முழு அலுமினிய ரேடியேட்டர் மாட்டினால் ஏற்காடு ஏற்றத்துக்குத் தாங்குமா?

கோரிமேடு1800 | #1

எல்லாருக்கும் வணக்கம். வண்டி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல். ரீமேப் (அதிக பவருக்கு இன்ஜின் கணினியை மாத்தினது), 3 அங்குல டவுன்பைப் (டர்போவிலிருந்து வர்ற புகைக் குழாய்), முன்பக்க இன்டர்கூலர் (டர்போ தள்ளுற காற்றை ஆத்துறது; பார் அண்ட் பிளேட் வகை, 76 மி.மீ. தடிமன்) போட்டிருக்கு. ரேடியேட்டர் கம்பெனி பீஸ்தான். பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியக் கோரும் (நடுவில் இருக்கிற டியூப், ஃபின் பகுதி) சேருகிற மடிப்பில் லேசா கசிவு தெரியுது.

அடிவாரத்திலிருந்து கொஞ்சம் அழுத்தி ஏறினால் ஏழெட்டு கொண்டை ஊசி தாண்டும்போதே ஏசி காற்று வெதுவெதுன்னு வருது. மேலே ஏரிக்கிட்ட நிறுத்தினால் கூலன்ட் டேங்கில் கொதிக்கிற சத்தம். ஆனா டேஷ்போர்டு முள் 90ஐ விட்டு நகர்வதே இல்லை.

52 மி.மீ. கோர் முழு அலுமினிய ரேடியேட்டர், இரண்டு 12 அங்குல ஸ்லிம் ஃபேனோட செட்டா கிடைக்குது. ரேடியேட்டர் தலையிலேயே தண்ணி ஊத்துற வாயும், 1.1 பார் அழுத்தத்தில் திறக்கிற மூடியும் இருக்கு. வாங்கலாமா? மாட்டும்போது எதையெல்லாம் பார்க்கணும்?

மலைப்பாதை | #2

காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். மலைப்பாதையோட சராசரி ஏற்றம் 6 சதவீதம்னு வெச்சுக்கோங்க. ஆளோட சேர்த்து 1,600 கிலோ வண்டி 35 கி.மீ. வேகத்தில் ஏற, எடையைத் தூக்க மட்டும் தேவைப்படுறது 9 கிலோவாட், அதாவது 12 குதிரைத்திறன் சொச்சம். டயர் உராய்வு, ஏசி எல்லாம் சேர்த்தாலும் 20ஐ ஒட்டித்தான் வரும். 150 குதிரைத்திறனுக்கு வடிவமைச்ச கூலிங் சிஸ்டத்துக்கு இது ஒரு வேலையே இல்லை.

அதனால நிதானமா ஏறும்போதும் சூடேறினால் அது ரேடியேட்டர் சைஸ் பிரச்சினை இல்லை, ஏதோ பழுது. ஒவ்வொரு வளைவிலிருந்தும் ஃபுல் பூஸ்ட்டில் (டர்போ முழு அழுத்தத்தில்) இழுத்து, அடுத்த வளைவுக்கு பிரேக் பிடிச்சு ஏறும்போது மட்டும் சூடேறினால்தான் கோர், காற்று வழி பத்தி யோசிக்கணும். உங்களோடது எதுன்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க.

அந்த முள்ளை நம்பாதீங்க. இந்த ஃபோக்ஸ்வாகன்-ஸ்கோடா குழும வண்டிகளில் கூலன்ட் ஏறத்தாழ 75லிருந்து 105 டிகிரி வரை எங்கே இருந்தாலும் முள் 90லேயே நிக்கிற மாதிரிதான் மீட்டரை அமைச்சிருக்காங்க. முள் நகர ஆரம்பிக்கும்போது நிலைமை கைமீறியிருக்கும். ஓபிடி (வண்டியோட கணினியைப் படிக்கிற சாக்கெட்) புளூடூத் ஸ்கேனர் ஒண்ணு மாட்டி, ஃபோனில் கூலன்ட் வெப்பத்தை நேரடியா பாருங்க.

ஏசி சூடாகுதுன்னு சொன்னது முக்கியமான தடயம். ஏசி கேஸை ஆத்துற கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கு. அங்கே காற்று போகலைன்னா முதல்ல கெடுறது ஏசி, அப்புறம்தான் ரேடியேட்டர். எனக்குத் தெரிஞ்சு இது காற்றுப் பிரச்சினை, தண்ணிப் பிரச்சினை இல்லை.

வயரிங்_செவ்வாய்ப்பேட்டை | #3

மேலே சொன்னதோட சேர்த்து, செலவே இல்லாத ஒரு சோதனை. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி ஏசி போடுங்க. இரண்டு ஃபேனும் குறைந்த வேகத்தில் உடனே சுத்தணும். சுத்தலைன்னா முதல் ஸ்பீடு போயிடுச்சு. அந்த நிலைமையில் தெர்மோ சுவிட்ச்சோட (கூலன்ட் சூட்டைப் பார்த்து ஃபேனை ஓட்டுற சுவிட்ச்) இரண்டாம் கட்டம், அதாவது 100 டிகிரி தாண்டின பிறகுதான் ஃபேன் ஓடும். மலையில் அதுக்குள்ள கோர், ஹோஸ், பிளாக் எல்லாம் சூட்டை வாங்கி வெச்சிருக்கும்.

பார்க்க வேண்டிய வரிசை: பேட்டரி மேலே இருக்கிற ஃபியூஸ் பெட்டியில் ஃபேன் ஃபியூஸ் போல்ட் பண்ற இடம் உருகியிருக்கா (இந்த மாடலில் சாதாரணமா வர்ற கோளாறு), அப்புறம் ஃபேன் கன்ட்ரோல் யூனிட், அப்புறம் ஃபேனுக்குள்ளேயே இருக்கிற ரெசிஸ்டர். தெர்மோ சுவிட்ச் மூணு பின். சாக்கெட்டைக் கழட்டி பின்களை ஒரு துண்டு வயரால் ஒவ்வொண்ணா இணைச்சாலே இரண்டு வேகமும் வருதான்னு தெரிஞ்சிடும்.

சூரமங்கலம் | #4

தெர்மோஸ்டாட்டை (சூடேறினதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கிற வால்வு) கழட்டிட்டா பாதிப் பிரச்சினை தீரும். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு? பானெட்டோட பின் கீலில் ரெண்டு வாஷர் போட்டு அரை அங்குலம் தூக்கிவிட்டா சூடும் வெளியே போயிடும்.

மலைப்பாதை | #5

@சூரமங்கலம் இரண்டையும் பரிந்துரைக்க மாட்டேன், காரணம் சொல்றேன்.

பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதோட பின்தட்டு பைபாஸ் வழியை மூடும். அதைக் கழட்டினால் பைபாஸ் நிரந்தரமா திறந்திருக்கும். சூடான தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம பம்ப்புக்குத் திரும்பிடும். சமதளத்தில் இன்ஜின் சூடே ஏறாது, பெட்ரோல் கூடக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும். ஏற்றத்தில் முன்னைவிட அதிகமா சூடேறும். 87 டிகிரியில் திறக்கிற புது தெர்மோஸ்டாட் போடுறதுதான் சரி. போடும் முன் பாத்திரத்தில் தண்ணி கொதிக்க வெச்சு, தெர்மாமீட்டரோட அது திறக்குதான்னு பார்த்துடலாம்.

பானெட் பின்பக்கம் தூக்குறது நின்ன வண்டிக்கு உதவும். ஓடுற வண்டியில் கண்ணாடியோட அடிப்பக்கம் அழுத்தம் கூடின இடம். வேகம் பிடிச்சதும் காற்று அந்த இடுக்கு வழியா உள்ளே வரும், வெளியே போகாது. ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் கூடினால் முன்னாலிருந்து வர்ற காற்று குறையும். அதே காரணத்துக்காக இன்ஜினுக்கு அடியில் இருக்கிற பிளாஸ்டிக் தட்டையும் கழட்டாதீங்க. கீழே காற்று ஒழுங்கா ஓடினால்தான் இன்ஜின் அறையிலிருந்து சூடு கீழ்வழியா உறிஞ்சப்படும்.

இன்னொண்ணு, ‘மேலே காற்று மெலிசு, அதனால சூடேறுது’ன்னு பலரும் சொல்றாங்க. ஏற்காட்டில் காற்றோட அடர்த்தி சேலத்தைவிடப் பத்து சதவீதம் சொச்சம் குறைவு, உண்மைதான். ஆனா வெப்பமும் எட்டு, ஒன்பது டிகிரி குறையுது. கீழே 40, மேலே 31ன்னு வெச்சுக்கிட்டா, 100 டிகிரி கூலன்ட்டுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 60லிருந்து 69 ஆகுது. ஒண்ணை ஒண்ணு ஈடுகட்டிடும். மே மாசம் மதியம் 2 மணிக்கு அடிவாரத்தை ஒட்டின முதல் வளைவுகள்தான் கூலிங்குக்குக் கடினமான இடம். சோதனையும் அங்கேதான் பண்ணணும்.

ஆர்கான்_பட்டறை | #6

கசிவு இருக்கிறதால ரேடியேட்டர் எப்படியும் மாத்தித்தான் ஆகணும்ங்க. மடிப்பு பிளாஸ்டிக்கை எம்-சீல் வெச்சு ஓட்டாதீங்க, அழுத்தம் 1.5 பார் வரை போற சிஸ்டம்.

ஆனா நீங்க பார்த்து வெச்ச பீஸில் பெரிய சிக்கல் அந்த மூடி வாய்தாங்க. உங்க வண்டியில் அழுத்தம் காக்கிறது எக்ஸ்பான்ஷன் டேங்க்கோட (நீங்க சொன்ன கூலன்ட் டேங்க்தான்) நீல மூடி. அது திறக்கிறது 1.4லிருந்து 1.6 பார். ரேடியேட்டரில் 1.1 பார் மூடி வந்தா சிஸ்டத்தில் இருக்கிற இரண்டு மூடியில் பலவீனமானதுதான் எப்பவும் முதல்ல திறக்கும். இன்ஜின் நல்லா இருக்கும்போதே அழுத்தம் 1.1ஐத் தாண்டும், அந்த மூடி வழியா கூலன்ட் சாலையில் கொட்டும். ஆறும்போது அதே வழியா காற்று உள்ளே இழுக்கும். ரெண்டு நாள் கழிச்சு உள்ளே பாதி காற்று, அப்புறம் நிஜமாவே சூடேறும். ரேடியேட்டர் மட்டமானதுன்னு அதைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருப்போம்.

கொதிநிலைக் கணக்கும் இருக்குங்க. ஏற்காட்டில் வெறும் தண்ணி 95 டிகிரியிலேயே கொதிக்கும். 1.5 பார் மூடியோட 125 வரை தாங்கும். 1.1 பார் மூடின்னா 119, 120. அஞ்சு டிகிரிக்கு மேல பாதுகாப்பு கை விட்டுப் போகுது.

வாய் இல்லாத பீஸ் வாங்குங்க. கிடைக்கலைன்னா வாயை அறுத்து, 3 மி.மீ. அலுமினியத் தகடு வெச்சு ஆர்கான் வெல்டிங்கில் மூடிடலாம். புது பீஸாவே வெல்டிங் பண்ணிடணும். கூலன்ட் ஒருதடவை ஓடிட்டா அலுமினியத்தில் அது ஊறி, வெல்டிங்கில் ஊசிமுனை ஓட்டை விழும்.

வாங்கும்போது டேப் எடுத்துட்டுப் போய் அளக்க வேண்டியது: கோர் அகலம், உயரம் (உங்களுக்கு ஏறத்தாழ 650 × 415 மி.மீ.), கீழ் பின் ரெண்டுக்கும் நடுவில் உள்ள தூரம், ஹோஸ் வாய் எந்தப் பக்கம், எத்தனை மி.மீ., தெர்மோ சுவிட்ச் மாட்ட எம்22 × 1.5 மரை இருக்கா, கண்டன்சர் பிடிக்கிற காது இருக்கா, கம்பெனி ஃபேன் கூடு (ஃபேனைச் சுத்தி கோரை மூடுற உறை) உட்கார காது இருக்கா. கடைசி மூணும் இல்லாத பீஸ்தான் மார்க்கெட்டில் ஜாஸ்தி. விலை குறைவா தெரியும், அதையெல்லாம் வெல்டிங் பண்ணி முடிக்கும்போது நல்ல பீஸ் விலையே வந்திடும்.

ஹோஸ் வாயில் சுத்தி ஒரு மேடு, பீடு சொல்வாங்க, இருக்கணும். வழவழப்பான குழாயில் எவ்வளவு இறுக்கினாலும் 1.5 பாரில் ஹோஸ் கழண்டு வரும். கம்பெனி ஹோஸ் நுனி ஓ-ரிங், கம்பி கிளிப் வெச்சுக் குத்துற மாதிரி. அது இந்தச் சாதாரண வாயில் உட்காராது. சிலிக்கான் ஹோஸ் தனியா வாங்கணும்.

மலைப்பாதை | #7

ஆர்கான் அண்ணன் சொன்ன மூடி விஷயத்தைப் படிச்சுட்டு மத்ததைப் பாருங்க, நூத்துக்கு நூறு சரி.

கோர் தடிமன் பத்தி. 52 மி.மீ. வேண்டாம். வளைவுகளில் வேகம் 20, 25தான். அப்ப காற்றை இழுக்கிறது ஃபேன் மட்டும். கோர் தடிமனாக ஆக காற்றுக்குத் தடை கூடும், பின்பகுதி ஏற்கெனவே சூடான காற்றைத்தான் பார்க்கும். ஓட்டப்பந்தய டிராக்கில் 120லேயே ஓடுற வண்டிக்கு 52 பொருந்தலாம். மலைக்கு 40, 42 மி.மீ. இரட்டை வரிசைக் கோர், ஃபின் ரொம்ப நெருக்கம் இல்லாதது. இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கிற வண்டி, ஃபேன் மோட்டாருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இடம் கம்மி. கோர் 10 மி.மீ. கூடினால் அந்த 10 மி.மீ. அங்கேதான் குறையும். இன்ஜின் மவுண்ட் ரப்பரில் ஆடும்போது இடிக்கக் கூடாது, குறைஞ்சது 20 மி.மீ. விடுங்க.

ஸ்லிம் ஃபேன் செட்டும் வேண்டாம். இரண்டு 12 அங்குல வட்டம் கோரோட பரப்பில் பாதி சொச்சம்தான் மூடும். கூடு இல்லாம நேரா கோரில் ஒட்டினால் மீதிப் பரப்பு சும்மா நிக்கும். கம்பெனி ஃபேனும் கூடும் கோர் முழுசையும் இழுக்கிற மாதிரி செஞ்சது. அதையே மாட்டுங்க.

இப்ப, இந்த வண்டியில் உண்மையான எதிரி: 76 மி.மீ. பார் அண்ட் பிளேட் இன்டர்கூலர். ரேடியேட்டரோட கீழ்ப்பாதிக்கு முன்னால் சுவர் மாதிரி நிக்குது. காற்று எப்பவும் சுலபமான வழியைத் தேடும். இன்டர்கூலர், கண்டன்சர், ரேடியேட்டர் மூணையும் தாண்டறதைவிட ஓரமா, மேலே, கீழே நழுவிப் போறது அதுக்குச் சுலபம். பம்பரைக் கழட்டிப் பார்த்தா கிரில்லுக்கும் கோருக்கும் நடுவில் கை நுழையுற இடுக்கு நாலு பக்கமும் இருக்கும். இன்டர்கூலர் மாட்டும்போது ஓரத்தில் இருந்த கம்பெனி பிளாஸ்டிக் தடுப்பை அறுத்துத் தூக்கிப் போட்டிருப்பாங்க. வேகம் குறையும்போது இன்னும் மோசம், ஃபேன் பின்னால் தள்ளின சூடான காற்றே அந்த இடுக்கு வழியா முன்னால் வந்து மறுபடியும் கோருக்குள் போகும். எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் 60 டிகிரி காற்றைக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

அதை அடைக்கிற வேலைதான் இந்த முழு வேலையிலும் அதிக பலன் தரும். ரேடியேட்டருக்கும் கண்டன்சருக்கும் நடு இடுக்கை நாலு பக்கமும் 10 மி.மீ. மூடுசெல் ஃபோம் பட்டையால் அடைங்க. பஞ்சு மாதிரி இருக்கிறது தண்ணி குடிச்சு உதிர்ந்திடும். இன்டர்கூலருக்கும் கண்டன்சருக்கும் நடுவில் 25லிருந்து 40 மி.மீ. இடைவெளி இருக்கட்டும், ஆனா பக்கவாட்டு மூடியிருக்கணும். பம்பர் வாயிலிருந்து கோர் ஓரம் வரை 1 மி.மீ. அலுமினியத் தகட்டை மடிச்சு இரண்டு பக்கமும், மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. முதல்ல அட்டையில் வெட்டி வெச்சுப் பார்த்து அப்புறம் தகடு வெட்டுங்க. தகட்டோட விளிம்பில் ரப்பர் பீடிங் போட்டால்தான் ஹோஸை அறுக்காது. மாட்டி முடிச்சதும் இருட்டில் இன்ஜின் அறைக்குள்ளிருந்து டார்ச் அடிச்சு முன்னால் போய்ப் பாருங்க. கோர் ஃபின் வழியா தவிர வேற எங்கேயும் வெளிச்சம் தெரியக் கூடாது.

கோரிமேடு1800 | #8

ரொம்ப நன்றிங்க. ஏசி போட்டுப் பார்த்தேன், ஃபேன் குறைந்த வேகம் சுத்தலை. அதிவேகம் வயர் போட்டால் சுத்துது. பம்பர் கழட்டினதில் வலது பக்கத் தடுப்பு சுத்தமா இல்லை. ஓபிடியில் 8ஆம் வளைவில் 109 காட்டுச்சு.

வாய் இல்லாத 42 மி.மீ. பீஸுக்கே போறேன். மாட்டுற முறை, கூலன்ட் அளவு, உள்ளே சிக்கின காற்றை வெளியே எடுக்கிறது பத்தி யாராவது விவரமா சொல்லுங்க. போர் தண்ணி ஊத்தலாமா?

ஆர்கான்_பட்டறை | #9

போர் தண்ணி ஒரு சொட்டு கூட வேண்டாங்க. நம்ம பக்கம் போர் தண்ணி உப்பும் சுண்ணாம்பும் ஜாஸ்தி. கெட்டில் அடியில் படியற வெள்ளைப் படிவம் அப்படியே கோர் டியூபுக்குள் படியும். டீமினரல் தண்ணி (உப்பு நீக்கினது) கேன் வாங்கிக்கோங்க.

கூலன்ட் மொத்தம் 6 லிட்டரை ஒட்டி வரும். ஜி12 ப்ளஸ் ப்ளஸ் அல்லது ஜி13 தரத்தில் அடர் கூலன்ட் 3 லிட்டர், தண்ணி 5 லிட்டர் கையில் இருக்கட்டும். கலவை 40க்கு 60 போதும். ஏற்காட்டில் தண்ணி உறையப் போறதில்லை, துரு பிடிக்காம இருக்கத்தான் கூலன்ட். அதுக்கு 40 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, மேலே போனாலும் நல்லதில்லை, சூட்டைத் தூக்குறது தண்ணிதான். பழசில் பச்சைக் கூலன்ட் ஓடியிருந்தா வெறும் டீமினரல் தண்ணி ஊத்தி ஓட்டி, வடிச்சு, தெளிவா வர்ற வரை கழுவுங்க. பச்சையும் சிவப்பும் கலந்தா பழுப்புக் களிம்பாகி ஹீட்டர் கோர் அடைச்சுக்கும்.

புது ரேடியேட்டரை மாட்டும் முன்னாடி: உள்ளே அலுமினியத் துருவல், வெல்டிங் கசடு இருக்கும். டீமினரல் தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி, துணியில் வடிகட்டிப் பாருங்க. ஒண்ணும் வராத வரை கழுவணும். அப்புறம் வாய்களை அடைச்சு 1.5 பார் காற்று கொடுத்து, தண்ணித் தொட்டியில் முக்கி 10 நிமிஷம் குமிழ் வருதான்னு பாருங்க. வண்டியில் மாட்டின பிறகு கண்டுபிடிச்சா முழு நாள் வேலை வீண்.

கழட்டுறது. இன்ஜின் முழுசா ஆறணும், சூட்டில் நீல மூடியைத் தொடவே கூடாது. பம்பர் கழட்டி, முன்பக்கச் சட்டத்தின் போல்ட்டுகளை எடுத்து, நீள ஸ்டட் ரெண்டு போட்டுச் சட்டத்தை முன்னால் இழுத்தா கை போக இடம் கிடைக்கும். கண்டன்சர் கேஸ் குழாயைத் திறக்கவே வேண்டாம். ரேடியேட்டரிலிருந்து கண்டன்சரை மட்டும் பிரிச்சு, கயிறு போட்டுச் சட்டத்தில் தொங்க விடுங்க. குழாய் மடங்காமப் பார்த்துக்கோங்க, கேஸ் போனால் தனிச் செலவு.

மாட்டும்போது கீழ் பின்னிலும் மேல் தாங்கியிலும் ரப்பர் புஷ் புதுசு போடுங்க. முழு அலுமினிய ரேடியேட்டரை இரும்புச் சட்டத்தில் விறைப்பா போல்ட் போட்டா, சட்டம் முறுக்கும்போதெல்லாம் வெல்டிங் அதை வாங்கும். ஆறே மாசத்தில் டேங்க் மூலையில் விரிசல் வரும். மாட்டி முடிச்சதும் ரேடியேட்டர் கையால் லேசா ஆடணும், ஆனா எங்கேயும் உலோகத்தில் இடிக்கக் கூடாது.

சிலிக்கான் ஹோஸுக்கு டி-போல்ட் கிளாம்ப் அல்லது ஸ்பிரிங் கிளாம்ப். உள்ளே பல் வெட்டின சாதாரண ஸ்க்ரூ கிளாம்ப் சிலிக்கானைப் பிசிறிடும். கிளாம்ப் பீடு மேட்டுக்குப் பின்னால் உட்காரணும், மேட்டு மேலே இல்லை.

வயரிங்_செவ்வாய்ப்பேட்டை | #10

மின்சாரப் பக்கம்.

முதல் வேகம் செத்தது ரெசிஸ்டராத்தான் இருக்கும். ஃபேன் மோட்டாரையே மாத்துங்க. வெளியே தனி ரெசிஸ்டர் வெச்சு ஒப்பேத்தினா அது சிவக்கச் சூடாகும், பக்கத்தில் பிளாஸ்டிக். புது ஃபேன் போட்டதும் ஒரு தாளைக் கண்டன்சர் முன்னால் பிடிங்க. தாள் ஒட்டிக்கணும். தள்ளிவிட்டா வயர் மாறியிருக்கு, காற்று தலைகீழா போகுது.

தனி ரிலே போடுறவங்களுக்கு: 40 ஆம்பியர் ரிலே, 30 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், வயர் 4 சதுர மி.மீ. 1.5 வயரில் மோட்டாருக்கு 11 வோல்ட்தான் போய்ச் சேரும், ஃபேன் வேகம் குறையும்.

ஃபேன் எர்த்தை ரேடியேட்டரில் கொடுக்கவே கூடாது. மின்சாரம் கூலன்ட் வழியா திரும்பினா அலுமினியம் உள்ளிருந்து அரிச்சு ஊசி ஓட்டை விழும். சோதனை: மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வெச்சு, கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனையை எக்ஸ்பான்ஷன் டேங்க் கூலன்ட்டில், உலோகத்தைத் தொடாம முக்குங்க. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒருதடவை. அப்புறம் மூடியைத் திறந்து வெச்சபடியே, சூடேறும் முன்னாடி ஸ்டார்ட் பண்ணி, ஏசி, லைட், ஃபேன் எல்லாம் போட்டு ஒருதடவை. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தா நல்லது. 0.3 தாண்டினா எங்கேயோ எர்த் கெட்டிருக்கு, இன்ஜின் எர்த் பட்டையிலிருந்து தேட ஆரம்பிங்க.

மலைப்பாதை | #11

காற்று எடுக்கிறது. இந்த இன்ஜினில் மெல்லிய ஹோஸ் ஒண்ணு மேலிருந்து எக்ஸ்பான்ஷன் டேங்க்குக்கு வரும், காற்று தானே அது வழியா டேங்க்குக்கு வந்து சேரும். அந்த ஹோஸ் அடைச்சிருந்தா என்ன செஞ்சாலும் காற்று போகாது, முதல்ல ஊதிப் பாருங்க.

முன் சக்கரத்தை ஏற்றத்தில் நிறுத்தி, ஹீட்டர் முழுச் சூட்டில் வெச்சு, டேங்க் வழியா மெதுவா ஊத்துங்க. மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாறி மாறி அமுக்கிவிட்டா மட்டம் இறங்கும், மறுபடியும் ஊத்துங்க. இறங்காத நிலைக்கு வந்ததும் மூடியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணி 2,000 ஆர்பிஎம்மில் பிடிங்க. கீழ் ஹோஸ் சூடாகி ஃபேன் ஒருதடவை ஓடி நிக்கணும், உள்ளே ஹீட்டர் காற்று சீரா சூடா வரணும். ஐடிலில் ஹீட்டர் ஆறி, ரைஸ் பண்ணினால் மட்டும் சூடானா, ஒண்ணு இன்னும் காற்று இருக்கு, இல்லைன்னா வாட்டர் பம்ப் இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளுற விசிறி) போயிருக்கு. இந்த 1.8இல் பிளாஸ்டிக் இம்பெல்லர் விரிசல் விட்டு தண்டில் சும்மா வழுக்கும். பம்ப் டைமிங் பெல்ட்டுக்குள் இருக்கிறதால பெல்ட் மாத்தும்போதே உலோக இம்பெல்லர் பம்ப்பா போட்டுடுங்க.

ஊத்தின அளவைக் குறிச்சு வெச்சுக்கோங்க. வடிச்சது 5 லிட்டர், ஊத்தினது 4ன்னா மீதி 1 லிட்டர் காற்று உள்ளே இருக்குன்னு அர்த்தம். புதுக் கோர் பெருசுங்கிறதால ஊத்தினது கொஞ்சம் கூடவே வரணும்.

சூரமங்கலம் | #12

தெர்மோஸ்டாட் விளக்கம் ஏத்துக்கிறேன். ஒரு சந்தேகம். எல்லாம் மாத்தின பிறகும் டேங்கில் குமிழ் வந்துக்கிட்டே இருந்தா?

மலைப்பாதை | #13

அப்ப ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு) சந்தேகம். ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணின உடனே, ரெண்டு நிமிஷத்துக்குள்ளேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா, சூடேறுற முன்னாடியே அழுத்தம் வருதுன்னு அர்த்தம். அது சிலிண்டரிலிருந்து வர்ற வாயு. உறுதிப்படுத்த நீலத் திரவ பிளாக் டெஸ்டர் இருக்கு. டேங்க் வாயில் வெச்சு உறிஞ்சினா, புகை வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். ரீமேப் போட்ட வண்டிக்கு ரேடியேட்டர் வாங்கும் முன்னாடியே இந்தச் சோதனை செஞ்சுடுறது நல்லது.

@கோரிமேடு1800 சோதனை ஓட்டத்துக்கு: ஞாயிறு வேண்டாம், வரிசையில் ஊர்ந்து போனால் எதுவும் தெரியாது. வாரநாள் மதியம், ஏசி போட்டு, ஓபிடி பதிவோட அடிவாரத்திலிருந்து ஏறுங்க. அழுத்தி ஓட்டும்போது 100ஐ ஒட்டி ஏறி, நிதானப்படுத்தினதும் ரெண்டு நிமிஷத்தில் 92, 93க்கு இறங்கணும். ஏறுறது முக்கியம் இல்லை, இறங்குதா என்கிறதுதான் முக்கியம். இறங்கலைன்னா காற்று இன்னும் எங்கேயோ நழுவுது. மேலே போனதும் ஏசியோட 15 நிமிஷம் ஐடிலில் விட்டுப் பாருங்க. மே மாசக் கோடை விழா நெரிசலில் வண்டி படப்போகிற பாடு அதுதான், அங்கே ஃபேனும் கூடும் மட்டுமே வேலை செய்யும்.

இதுக்கு மேலேயும் 105 தாண்டினா ரேடியேட்டரைத் தொடாதீங்க. இந்த இன்ஜினில் ஆயில் கூலர் கூலன்ட்டில்தான் ஆறுது, ஆயில் சூடு முழுக்க ரேடியேட்டர் தலையில். தெர்மோஸ்டாட் வெச்ச சாண்ட்விச் பிளேட்டோட (ஆயில் ஃபில்டர் இடத்தில் நடுவில் மாட்டுற தட்டு) தனி ஆயில் கூலர் ஒண்ணை ஃபெண்டர் பக்கம், இன்டர்கூலர் மறைக்காத இடத்தில் வைங்க. 76 மி.மீ. இன்டர்கூலரை டியூப் அண்ட் ஃபின் 57 மி.மீ.க்கு மாத்துறது இன்னும் நல்லது. காற்றுத் தடை பாதியா குறையலைன்னாலும் கண்டன்சரிலேயே வித்தியாசம் தெரியும்.

ஆர்கான்_பட்டறை | #14

முதல் மலை ஓட்டம் முடிஞ்சு ஒரு ராத்திரி ஆறவிட்டு, காலையில் கிளாம்ப் எல்லாம் ஒரு கால் சுத்து இறுக்குங்க. சிலிக்கான் முதல் சூட்டில் அமுங்கும். டேங்க் மட்டம் குறைஞ்சிருந்தா ஆறின நிலையில் மின், மேக்ஸ் கோட்டுக்கு நடுவில் ஊத்துங்க, மேக்ஸுக்கு மேலே வேண்டாம். மூணாவது ஓட்டத்துக்கு அப்புறமும் குறைஞ்சா கசிவு இருக்கு, நீல மூடியோட ஓ-ரிங்கிலிருந்து பாருங்க. மூடி பழசுன்னா அதையும் மாத்திடுங்க, ஸ்பிரிங் தளர்ந்தா 1.5 பார் மூடியும் 1.1 பார் மூடி மாதிரிதான் வேலை செய்யும்.